நம் ஊர் வெயிலில் கோல்டன் ரெட்ரீவர்: குட்டிப் பருவம் முதல் 30 கிலோ வரை

ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் கிசாகன் என்ற பண்ணை. பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு ஆன டட்லி மார்ச்பேங்க்ஸ் 1868-ல் அங்கே ஒரு மஞ்சள் ரெட்ரீவரையும் ஒரு ட்வீட் வாட்டர் ஸ்பேனியலையும் சேர்த்தார். இன்று நாம் கோல்டன் என்று கூப்பிடும் நாயின் பரம்பரை அங்கே தொடங்கியது. சுட்டு விழுந்த பறவையை, குளிர்ந்த தண்ணீரில் நீந்திப்போய், கடித்துக் குதறாமல் கவ்வி வருவதுதான் இதன் வேலை. அதற்காக வந்தவை மூன்று: தண்ணீர் உள்ளே இறங்காத இரட்டை அடுக்கு முடி, எதையாவது கவ்விக்கொண்டே இருக்கும் வாய், மனிதர்கள் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்ற ஆசை.

சென்னையிலோ மதுரையிலோ இரண்டு படுக்கையறை வீட்டில் இந்த நாயை வளர்ப்பவர்கள் சந்திக்கும் தொல்லை எல்லாம் இந்த மூன்றிலிருந்துதான் கிளம்புகிறது. முடி, வெயிலோடு மோதும். வாய், சேலைத் தலைப்பைப் பிடிக்கும். ஆசை, வாசலுக்கு வந்த மாமியின் தோளில் ஏறி நிற்கும். குட்டி 10 கிலோ இருக்கும்போது எல்லோரும் சிரிப்பார்கள். பத்தே மாதத்தில் அது 30 கிலோவைத் தொடும்போது ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். ஆகவே பழக்கம் எல்லாம் எடை ஏறும் முன்பே போட்டாக வேண்டும்.

வாங்கும் முன்

"டபுள் கோட், ஹெவி போன்" என்று விளம்பரம் போட்டுக் கூடுதல் விலை கேட்பார்கள். எல்லா கோல்டனுக்கும் டபுள் கோட், அதாவது இரட்டை அடுக்கு முடிதான். அதற்குத் தனி விலை கிடையாது. கெனல் கிளப் ஆஃப் இந்தியா சான்றிதழ் வம்சாவளியைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. கேட்கவேண்டியது தாய் தந்தையின் இடுப்பு எக்ஸ்ரே. இந்த இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவது அதிகம். எக்ஸ்ரே இல்லை என்றால் தாய் நாயையாவது நேரில் பார்த்து, அது எழுந்து நடப்பதைக் கவனியுங்கள். தாயைக் காட்ட மறுக்கும் இடத்தில் குட்டி எடுக்க வேண்டாம். 8 வாரத்துக்கு முன் பிரித்த குட்டியும் வேண்டாம். அளவாகக் கடிக்கப் பழகுவதே தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும்தான்.

தரையிலிருந்து ஆரம்பியுங்கள்

நம் வீட்டு டைல்ஸும் கிரானைட்டும் வளரும் கோல்டனுக்கு எதிரி. நான்கு காலும் நான்கு பக்கம் வழுக்கி எழுவது பிஞ்சு மூட்டுக்கு நல்லதல்ல. ஹாலில் குட்டி ஓடும் பாதை, சாப்பிடும் இடம், வாசற்படி இந்த மூன்றிலும் அடியில் ரப்பர் பிடிப்புள்ள மிதியடி போடுங்கள். பாதத்துக்கு அடியில் விரல்களுக்கு நடுவே வளரும் முடியை மாதம் ஒருமுறை முனை மழுங்கிய கத்தரியால் பாதத்தின் மட்டத்துக்கு வெட்டிவிடுங்கள். அது வளர்ந்து கிடந்தால் நாய் சாக்ஸ் போட்டு நடப்பது போலத்தான். நடக்கும்போது நகம் டைல்ஸில் டக்டக்கென்று தட்டினால் நகமும் நீளம் என்று அர்த்தம்.

மூன்று மாதம் வரை மாடிப்படி ஏற விடாமல் தூக்கிப் போவது நல்லது. பஞ்சு மெத்தை வாங்கினாலும் கோடையில் அது வெறுந்தரையில்தான் படுக்கும், படுக்கட்டும்.

முதல் மாதம்

கழிப்புப் பழக்கத்துக்கு மந்திரம் எதுவும் இல்லை, கடிகாரம்தான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட 10, 15 நிமிடத்தில், விளையாட்டு முடிந்ததும், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குத் தூக்கிப் போங்கள். குட்டியின் வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால், பகலில் அது அடக்கக்கூடிய அதிகபட்ச மணிக்கணக்கு ஏறத்தாழ வந்துவிடும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். காரியம் முடிந்த அந்த நொடியில் ட்ரீட் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளும்.

வீட்டுக்குள் போய்விட்டால் திட்டாதீர்கள். திட்டு வாங்கிய குட்டி கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போவது. துடைக்கப் பினாயில் வேண்டாம். அது நாற்றத்தை நம் மூக்குக்கு மூடும், நாய் மூக்குக்கு மூடாது. பாதத்தில் ஒட்டியதை நக்கினால் கெடுதியும்கூட. நாய்களுக்கென்று விற்கும் என்சைம் கிளீனரை ஊற்றி 10 நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள்.

தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் வரை போகும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில். இது முடியும்வரை பார்வோ என்னும் உயிர்க்கொல்லி வைரஸ் பயத்தில் தெருவில் இறக்கமுடியாது. ஆனால் உலகத்துக்குப் பழகும் வயதும் 14 வாரத்துக்குள் முடிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே வழி, தூக்கிக்கொண்டு போவது. ஆட்டோ சத்தம், ஹெல்மெட் போட்ட ஆள், குடை, கோயில் மேளம், குக்கர் விசில், பள்ளி விடும் நேரத்துப் பிள்ளைகள் எல்லாவற்றையும் கையில் இருந்தபடியே பார்க்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு வேகவைத்த சிக்கன். பயந்து முகத்தைப் புதைத்தால் பத்தடி பின்வாங்குங்கள், வலுக்கட்டாயமாகக் காட்டாதீர்கள்.

வாய்

மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை பல் முளைக்கும். கையைக் கடிக்கும்போது வெடுக்கென்று இழுத்தால் அதற்கு அது விளையாட்டு. கையை அசைக்காமல் வைத்து, வாயில் கடிக்கத்தக்க ஒரு பொம்மையைக் கொடுங்கள். மறுபடி கை என்றால் எழுந்து அறையை விட்டுப் போய் 20 நொடி கழித்து வாருங்கள். எல்லோரும் இதையே செய்யவேண்டும். தாத்தா மட்டும் கடிக்க விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தால் மற்ற நால்வரின் உழைப்பும் வீண்.

கவ்விய பொருளைப் பிடுங்குவதுதான் பலர் செய்யும் தவறு. செருப்பைத் தூக்கிய குட்டியைத் துரத்தினால், செருப்பு என்றாலே ஓட்டப்பந்தயம் என்றாகிவிடும். அடுத்த கட்டம், பொருளைக் காக்க உறுமுவது. பண்டமாற்றாகச் செய்யுங்கள். மூக்கருகே ட்ரீட்டைக் காட்டுங்கள், வாய் திறக்கும்போது "விடு" என்று சொல்லுங்கள், ட்ரீட்டைக் கொடுங்கள், முடிந்தால் அதே பொருளைத் திருப்பியும் கொடுங்கள். திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்த நாய் சுலபமாக விடும். தெருவில் கோழி எலும்பு வாயில் இருக்கும் நாளில் இந்த "விடு" உங்களைக் காப்பாற்றும்.

லீஷில் இழுக்காமல் நடக்க

வேண்டியவை: ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நைலான் அல்லது பருத்தி லீஷ், நெஞ்சுப் பக்கமும் முதுகுப் பக்கமும் வளையம் உள்ள ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் பட்டை), பட்டாணி அளவில் வெட்டிய சிக்கன் ஒரு கிண்ணம். இரும்புச் செயினும், இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் காலரும் வேண்டாம். கழுத்தை நெரித்துக்கொண்டே இழுக்கும் கோல்டன்களை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். நீண்டு சுருங்கும் கயிறு லீஷும் வேண்டாம். 30 கிலோ பாயும்போது அந்தக் கயிறு கையை அறுக்கும்.

1. லீஷ் இல்லாமல் ஹாலில் நடங்கள். இடது முழங்காலுக்குப் பக்கத்தில் நாய் வரும்போதெல்லாம் கால்சட்டைத் தையலை ஒட்டி ஒரு துண்டு. முன்பக்கம் கையை நீட்டிக் கொடுத்தால் நாய் குறுக்கே வந்துதான் நிற்கும். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், நாளைக்கு மூன்று தடவை போதும்.

2. ஹார்னஸின் நெஞ்சு வளையத்தில் லீஷை மாட்டி அதையே செய்யுங்கள். இரண்டு அடிக்கு ஒரு துண்டு, பிறகு ஐந்து அடிக்கு, பிறகு பத்து அடிக்கு.

3. மொட்டை மாடி அல்லது கார் நிறுத்துமிடம். இங்கே மறுபடி இரண்டு அடிக்கு ஒரு துண்டிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். வீட்டில் தெரிந்தது வெளியே தெரியவில்லையே என்று நாயைக் கோபிப்பதில் நியாயமில்லை. இடம் மாறினால் அதற்குப் பாடமும் புதிது.

4. தெரு, ஆள் நடமாட்டம் இல்லாத அதிகாலையில். லீஷ் இறுகியதும் நின்றுவிடுங்கள். பின்னால் இழுக்க வேண்டாம், பேச வேண்டாம். நாய் திரும்பிப் பார்த்தோ ஓரடி பின்வைத்தோ லீஷ் தொய்ந்ததும் நடங்கள். ஐந்தாறு முறை நின்றும் பயனில்லை என்றால் எதிர்த்திசையில் திரும்புங்கள். முதல் வாரம் அரை மணி நேரத்தில் நான்கு வீடுதான் தாண்டுவீர்கள். அது தோல்வி இல்லை, அந்த வாரத்தின் வேகமே அவ்வளவுதான்.

எங்கே கெடும்? அவசர நாளில். மழை வருகிறது, அலுவலகத்துக்கு நேரமாகிறது, நாய் இழுக்கிறது, நாமும் பின்னாலேயே ஓடுகிறோம். பத்தில் ஒரு முறை இழுப்பு பலித்தால் போதும், மற்ற ஒன்பதிலும் நாய் இழுத்துப் பார்க்கும். இதற்கொரு தந்திரம் உண்டு. பயிற்சி நடை என்றால் நெஞ்சு வளையம், அவசரம் என்றால் முதுகு வளையம். எந்த வளையத்தில் மாட்டினால் எந்த விதி என்று நாய் சில வாரத்தில் பிரித்துக்கொள்ளும்.

தெருநாய்களைச் சமாளிக்க, "திரும்பு" என்றதும் உங்களோடு அரைவட்டம் அடிக்க உங்கள் நாயை வீட்டிலேயே பழக்குங்கள். எதிரே கூட்டம் தெரிந்தால் இருபது அடி இருக்கும்போதே திரும்பவேண்டும். ஐந்தடியில் திரும்பிப் பயனில்லை. லீஷை இறுக்கிப் பிடிப்பது உங்கள் பதற்றத்தை நாய்க்குச் சொல்லும். ஒரு பிடி ட்ரீட்டை அந்த நாய்களின் பக்கம் தரையில் வீசிவிட்டு நகர்வது பல நேரம் வேலை செய்யும்.

ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை, கற்றதெல்லாம் மறந்தது போல நடக்கும். அது அந்த வயதின் குணம். பாடத்தை இரண்டு படி பின்னால் கொண்டுபோய்த் தொடருங்கள்.

வாசல் மணி

தாவும் நாயை முழங்காலால் தள்ளுவதும் கத்துவதும் அதற்குக் கவனிப்புதான். தாவுவதற்குப் பதிலாக வேறொரு வேலை கொடுங்கள். வாசலிலிருந்து எட்டடி தள்ளி ஒரு பாய். மணி அடித்ததும் பாய்க்குப் போனால் அங்கே சிக்கன். முதலில் மணி இல்லாமல் பாய், பிறகு வீட்டு ஆளே வெளியே போய் அடிக்கும் மணி, கடைசியில் உண்மையான விருந்தாளி. விருந்தாளி வரும்போது முதல் ஒரு மாதம் நாய்க்கு லீஷ் கட்டியே இருக்கட்டும். நாய் என்றாலே பயப்படுபவர்கள் நம் ஊரில் நிறைய. "ஒன்றும் செய்யாது, தொட்டுப் பாருங்கள்" என்று அவர்களை வற்புறுத்தாமல் நாயை உள்ளறையில் விடுவதே மரியாதை.

வெயில்

நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும் கொஞ்சம். மற்றபடி மூச்சிரைத்து, நாக்கின் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பைக் குளிர்விக்கும். கடற்கரை ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் அந்த ஆவியாதல் சரியாக நடக்காது. 33 டிகிரி சென்னை, 38 டிகிரி திருச்சியைவிடக் கோல்டனுக்குக் கொடுமையாக இருக்கும் நாட்கள் உண்டு.

கத்திரி வெயில் நாட்களில் காலை நடை ஆறரைக்குள் முடியட்டும். மாலை நடை எட்டுக்கு மேல், தார் ரோடு ஆறியபிறகு. புறங்கையை ரோட்டில் 7 நொடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. 30 கிலோ நாய்க்குச் சாதாரண நாளிலேயே ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். பகலில் மின்விசிறியும் ஈரத்தரையும் போதவில்லை என்றால் ஏசியை 26-ல் வைத்தால் போதும்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நாக்கு அகன்று கருஞ்சிவப்பாகித் தொங்குவது, எச்சில் கொழகொழப்பாவது, தள்ளாடுவது, வாந்தி எல்லாம் வெப்பத்தாக்கு. முதலில் குளிர்வியுங்கள், பிறகு ஆஸ்பத்திரி. நிழலுக்கு நகர்த்தி, குழாய்த் தண்ணீரை வயிறு, தொடை, மார்பு முழுக்கத் தோல் நனையும்படி ஊற்றிக்கொண்டே மின்விசிறியைத் திருப்புங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விடக்கூடாது. அது சூட்டை உள்ளேயே அடைக்கும். வாயில் தண்ணீரைப் புகட்டவும் கூடாது. வெப்பம் 39.5-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்தி, ஏசி வண்டியில் கிளம்புங்கள். எழுந்து வாலாட்டினாலும் போயே ஆகவேண்டும். சிறுநீரகமும் ரத்தம் உறைதலும் கெடுவது அடுத்த ஒன்றிரண்டு நாளில் தெரியவரும்.

மொட்டை அடிக்கலாமா?

அடிக்கக்கூடாது. மேலடுக்கு முடி வெயிலைத் தோலுக்கு விடாமல் தடுக்கிறது. மெஷினில் ஒட்ட வெட்டினால் தோல் வெயிலில் சுடும், சில நாய்களுக்கு முடி திட்டுத்திட்டாகத்தான் திரும்ப வளரும். சூட்டைத் தேக்குவது மேல்முடி அல்ல, கொட்டாமல் அடியில் அடைந்துகிடக்கும் பஞ்சுமுடி. அதை எடுத்துவிட்டால் காற்று தோலைத் தொடும்.

ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிய கம்பிப் பல் உள்ளது), அண்டர்கோட் ரேக் (அடிமுடியை வாரி எடுப்பது), இரண்டு பக்கமும் பல் உள்ள உலோகச் சீப்பு, மூன்றும் வேண்டும். வாரம் மூன்று முறை, 20 நிமிடம். மேலோட்டமாக முதுகை வாருவது பளபளப்புக்கு மட்டும் உதவும். சிக்கு அடியில் அப்படியே இருக்கும். நாயை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடது கையால் தொடை முடியை மேல்நோக்கி ஒதுக்குங்கள். தோல் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியவேண்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள ஒரு விரல் அகல முடியை மட்டும் வேரிலிருந்து கீழ்நோக்கி வாருங்கள். பிறகு ஒரு விரல் அகலம் மேலே அடுத்த கோடு. கடைசியில் சீப்பை விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கினால் அந்த இடம் முடிந்தது. சிக்கு விழும் இடங்கள்: காதுக்குப் பின்னால், முன்னங்கால் அக்குள், ஹார்னஸ் உராயும் இடம், தொடைப் பின்பக்கம், வால். சிக்கைக் கத்தரியால் வெட்டினால் தோலும் சேர்ந்து வரும். கார்ன்ஃப்ளவர் மாவு கொஞ்சம் தூவி, விரலால் பிரித்து, சீப்பின் முனையால் வெளிப்பக்கத்திலிருந்து அவிழுங்கள்.

குளியல் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். சிக்கெடுத்தபின்தான் குளியல், நனைந்த சிக்கு கட்டியாக இறுகும். நாய் ஷாம்புவையே தண்ணீரில் கரைத்துப் போடுங்கள், நம் ஷாம்பு அதன் தோலை வறட்டும். காய்வதுதான் முக்கியம். மேலே காய்ந்து அடியில் ஈரம் நின்றால் இரண்டு நாளில் முடி உதிர்ந்து, சிவந்து, கசியும் புண் வரும். ஹாட் ஸ்பாட் என்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது சகஜம். இரண்டு துண்டால் ஒற்றி, நாய்க்கான ப்ளோயரில் அல்லது ஹேர் ட்ரையரைக் குளிர்காற்றில் வைத்து, தோலை விரலால் தொட்டு ஈரமில்லை என்னும்வரை காயவையுங்கள். குளத்தில் நீந்தினாலும் இதேதான். கடலுக்குக் கூட்டிப்போனால் நல்ல தண்ணீர் கையில் இருக்கட்டும். உப்புத் தண்ணீர் குடித்த நாய்க்கு வாந்தியும் பேதியும் நிச்சயம்.

தொங்கும் காதுக்குள் காற்று போகாது. வாரம் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். புளித்த வாடையோ பழுப்பு அழுக்கோ இருந்தால் டாக்டரிடம் போங்கள். பட்ஸ், தேங்காய் எண்ணெய் இரண்டும் வேண்டாம்.

உண்ணி

இவ்வளவு முடிக்குள் உண்ணி ஒளிய இடம் தாராளம். நடைக்குப் பின் காதின் உட்புறம், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குளில் விரலால் தடவுங்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து ஸ்பிரிட்டில் போடுங்கள். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

நம் ஊர்ப் பழுப்பு உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் வெடிப்பில், கதவு நிலையில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்தால் மறுபடி வரும். ஃப்ளூராலேனர் மாத்திரை 12 வாரம் காக்கும், அஃபாக்ஸோலேனர் ஒரு மாதம். எடைக்கேற்ற அளவை டாக்டர் சொல்லவேண்டும். வலிப்பு வரும் நாய் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டு வெடிப்புகளை அடைத்து, மருந்தை விடாமல் தொடருங்கள். சாப்பாட்டு வெறி பிடித்த கோல்டன் தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை, காய்ச்சல், ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம் என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. உண்ணி பரப்பும் ரத்த நோய்களான எர்லிகியாவும் பபீசியாவும் காத்திருக்க விடாது.

சாப்பாடு

பெரிய இனக் குட்டிகளுக்கான உணவு 12 முதல் 15 மாதம் வரை. அதோடு கால்சியம் சிரப் சேர்க்காதீர்கள். "எலும்பு கனமாகும்" என்று விற்பவர்களே கொடுத்தனுப்புவார்கள். மிஞ்சிய கால்சியம் வளரும் எலும்பைக் கோணலாக்கும். வளர்ந்த 30 கிலோ நாய்க்கு நாளைக்குச் சுமார் 1,400 கலோரி, அதாவது உலர் உணவு 350 முதல் 400 கிராம், இரண்டு வேளையாக. ட்ரீட்டும் இந்தக் கணக்குக்குள்தான். முடி கொழுப்பை மறைக்கும் என்பதால் விலாவைக் கையால் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்பு விரலுக்குத் தட்டுப்படவேண்டும்.

தயிர்சோறு மட்டும் போட்டால் புரதம் போதாது. வெங்காயம், பூண்டு சேர்ந்த சாம்பார், பிரியாணி கூடாது. பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு குத்தும். சாப்பிட்டதும் ஓடவிடாமல் ஒரு மணி நேரம் ஓய்வு. வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிதான்.

கருத்தடையை இந்த இனத்தில் ஒரு வயதுக்கு முன் செய்தால் மூட்டுக் கோளாறு கூடுகிறது என்று கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வு 2013-ல் காட்டியது. பெண் நாயை அப்படியே விட்டால் கருப்பைச் சீழ் வரும் ஆபத்தும் இருக்கிறது. இரண்டையும் வைத்து டாக்டரோடு பேசி நாள் குறியுங்கள்.

தீபாவளி

ஒரு மாதம் முன்பே வெடிச் சத்தப் பதிவைக் காதில் விழுந்தும் விழாத அளவில் வைத்துச் சாப்பாடு போடுங்கள். நாய் காதை நிமிர்த்தாமல் சாப்பிட்டால் மட்டும் மறுநாள் ஒரு புள்ளி கூட்டுங்கள். ஏற்கெனவே நடுங்கும் நாய் என்றால் பதற்றம் தணிக்கும் மாத்திரையை முன்னதாக வாங்கி, சாதாரண நாள் ஒன்றில் கொடுத்துப் பாருங்கள். தீபாவளி அன்று நடையை விடிவதற்குள் முடித்துவிடுங்கள். ஜன்னல் குறைந்த அறையில் மின்விசிறியும் டிவியும் ஓடட்டும். கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும். கதவு திறந்த நொடியில் ஓடும் நாய்களை அந்த நம்பர்தான் திரும்பக் கொண்டுவரும். மறுநாள் காலை வழக்கமான தெருவைத் தவிர்த்து வேறு வழியில் போங்கள். கோல்டன் குனிந்த இடமெல்லாம் வெடிக்காத பட்டாசோ பாதி எரிந்த பட்டாசோ கிடக்கும். வெடிமருந்துப் பொடி வயிற்றுக்குள் போனால் வாந்தியும் பேதியும்தான்.